மார்கழியில் விற்காத மெஷின்

ஒரு கம்பளி குளிப்பதை, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்களெல்லாம் பீச்சில் உட்கார்ந்து அலை பார்த்த கோஷ்டி. நான் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பளி இல்லை, பாதிப் பாண்டிச்சேரியின் கம்பளியைப் பார்த்திருக்கிறேன். ஓவராகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம செட் இருபதைத் தொட்டாயிற்று. ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. ஒருத்தனுக்கு நெற்றி மேல்நோக்கி வளர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு மாடி ஏறினால் முட்டி டொக்கு டொக்கு என்கிறது. ஆகவே 'எங்க காலத்துல' என்று இழுத்துப் பேச நமக்கும் லைசென்ஸ் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் ஸ்கூல் செல்போனுக்குள் இருந்தது. டீச்சர் சின்னச் சதுரமாக இருந்தார். நான் எட்டாவது. வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதால் தட்டாஞ்சாவடியில் எங்கள் யூனிட்டில், துவைத்து அடுக்கியும் ஹோட்டல்காரர்கள் வாங்கிப்போகாத பெட்ஷீட் மலைமேல் ஏறி உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்தேன். படித்தேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

யூனிட் என்றால் லாண்டரி. ஆனால் அந்த வார்த்தையை அப்பா முன்னால் சொல்லக்கூடாது. 'ஹோட்டல் லினன் சர்வீஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். பின்னால் பாய்லர். நடுவில் ரோலர், ஈரமான பெட்ஷீட்டை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் சுடச்சுட அப்பளம் மாதிரி வந்து விழும். அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அந்தச் சூடும், குளோரினும் வெந்த பருத்தியும் கலந்த அந்த வாசனையும் இன்றைக்கும் எனக்கு எந்த சென்ட் பாட்டிலிலும் கிடைக்கவில்லை.

அப்புறம், மெஷின். அப்பா புதுசாக இறக்கியது. ஆள் உயரம். கதவு வட்டமாக, கனமான கண்ணாடி, கப்பல் ஜன்னல் மாதிரி. அது சுற்ற ஆரம்பித்தால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் என் போன் அதிரும், போன் அதிர்ந்தால் டீச்சர், "யாரு வீட்ல மாவு மெஷின் ஓடுது, மியூட் பண்ணுங்க" என்பார். லாக்டவுனுக்கு முன்னால் கெஸ்ட் ஹவுஸ்களின் மொத்த பெட்ஷீட்டையும் ஒரே வாயில் விழுங்கும். அழுக்கு மூட்டையாகப் போனது வெள்ளையாக வெளியே வரும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் பிளக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைவிடப் பெரிய அதிசயத்தை அந்த வயதில் நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு காமெடி கேளுங்கள். அவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் துணியை அம்மா உழவர்கரை வீட்டுக் கிணற்றடியில் கல்லில் அடித்துத்தான் துவைத்தாள். ஏனென்றால் அப்பாவின் சட்டம்: வீட்டுத் துணி எதுவும் யூனிட்டுக்குள் வரக்கூடாது. எங்கள் வீட்டுத் துணிகூட.

காரணம் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். நெல்லும் கத்தரியும் போடுகிறவர். நாங்கள் எல்லோரும் நிலத்தில் இருந்து வந்தவர்கள். அப்பா லாண்டரி ஆரம்பித்த புதிதில், ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது பெரியப்பா சத்தமாகக் கேட்டாராம்: "ஏன்டா தம்பி, நெலத்த வுட்டுட்டு ஊரான் அழுக்கத் தொவைக்கவா போன?" பந்தி சிரித்தது. சிரித்தவர்களுக்கு அது ஒரு சாதியின் வேலை, நம் வேலை இல்லை. அவ்வளவு கேவலமான சிரிப்பு. அப்பா அந்தச் சிரிப்பை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். ஹோட்டல் ஷீட் என்றால் அது கம்பெனி, காண்ட்ராக்ட், பிசினஸ். வீட்டுத் துணி என்றால் அது 'அது'. இதில் என்ன லாஜிக் என்று கேட்காதீர்கள். ஹோட்டல் ஷீட்டில் படுத்தவன் தேவதூதனா?

சரி, லாக்டவுன் வந்தது. ஹோட்டலெல்லாம் மூடியது. அது முடிந்த பிறகும் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் டூரிஸ்ட் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் கதவுகளில் போகன்வில்லா தாராளமாகப் படர்ந்தது. யூனிட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். கடைசியில் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர்தான் மிச்சம். அவரும் வந்து மெஷினைத் துடைத்துவிட்டு, கண்ணாடியில் தலை சீவிவிட்டுப் போவார். அப்பா எங்கள் டெலிவரி வேனில் பெரியப்பாவின் கத்தரிக்காயை ஏற்றித் தெருத் தெருவாக விற்றார். இதில் மட்டும் அவருக்குக் கூச்சமில்லை. கத்தரிக்காய் கௌரவமான காய்.

கார்த்திகை மழையில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "ஈரோட்டுல ஒரு பார்ட்டி மெஷின கேக்கறாரு. குடுத்துடலாம்னு இருக்கேன்."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மெஷின குடுத்துட்டா அப்புறம் ஷெட்டுல இன்னா வெச்சிருப்பீங்க? கத்தரிக்காயா?"

"ஷெட்டையும் வுட்டுற வேண்டியதுதான்."

"எப்ப வராரு?"

"மார்கழி பொறக்கப் போவுது. மார்கழில கை மாத்தக்கூடாது. தை பொறந்ததும் ஏத்திக்கச் சொல்லிட்டேன். நடுவுல ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போவாரு."

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "அப்ப மார்கழி முழுக்க மெஷினு நம்முளுது," என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அவளுக்கே அன்றைக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

மார்கழி ஆரம்பத்தில், மழை விட்டும் விடாத ஒரு காலையில், ஆட்டோவில் ஒரு தகர டிரங்குப் பெட்டியும் ஒரு மதாமும் வந்து இறங்கினார்கள். மதாம் என்றதும் வெள்ளைக்காரி என்று நினைக்காதீர்கள். நம்மைவிடக் கறுப்பு. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கி இறந்துபோனவர். சொல்தா, அதாவது சோல்ஜர், வீட்டு அம்மா. கவுன், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் இரண்டு மாஸ்க். அவர் வீட்டுக்குப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் வாட்ச்மேன் எங்கள் விலாசம் கொடுத்திருக்கிறார்.

"யாரும்மா இங்க பத்ரோன்?"

ஓனரைக் கேட்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தது. "அவரு இல்ல. நான்தான் பாத்துக்கறேன். சொல்லுங்க மதாம்."

"பொட்டிக்குள்ள தண்ணி பூந்துடுச்சும்மா. உள்ள இருக்கறது ஒரு பெரிய கம்பளி. எங்க வூட்டுக்காரரு பிரான்ஸ்ல, துலோன்ல இருந்தப்ப வாங்கியாந்தது. நனைஞ்சு நாறுது. தூக்கிப் பிழிய எனக்குத் தெம்பில்ல."

"வூட்டுத் துணி நாங்க எடுக்கறதில்லியே மதாம்."

"ஏன்?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அல்ஜீப்ராவைப் பார்த்தேன்.

"ஹோட்டல்ல படுக்கறவன் மட்டும்தான் மனுஷனா? அலோர், அப்பன்னா என் வூட்டையும் ஹோட்டல்னு நெனச்சுக்கோ. எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல."

ஆபரேட்டர் அண்ணன் மாஸ்குக்குள் சிரித்தார். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாச்சை உருண்டையும் பூஞ்சையும் சேர்ந்து ஒரு நாற்றம் எழுந்தது பாருங்கள், நான் ஷீட் மலையின் உச்சிக்கே ஏறிவிட்டேன். உள்ளே சேறு நிறத்தில் ஏதோ மிருகம் சுருண்டு படுத்த மாதிரி இருந்தது.

"வெச்சுட்டுப் போங்க. நாளைக்கு..."

"வெச்சுட்டா? யார் யார் துணியோட போட்டு அலசுவியோ. எனக்குச் சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு, ஊர் பூரா நோயி இருக்கு. நான் பாக்கணும்."

"இன்னா பாக்கணும்?"

"எல்லாத்தையும்."

அந்த இடத்தில் அம்மா செய்ததை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாக்குவாதம் செய்யவில்லை. அப்பாவின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து மெஷின் கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டாள். "உக்காருங்க. உங்க கம்பளியத் தவிர வேற ஒரு கைக்குட்டகூட உள்ள போவாது. நீங்களே பாருங்க."

ஆபரேட்டர் அண்ணன் பழக்க தோஷத்தில் ஹோட்டல் ஷீட்டுக்கு வைக்கிற சூட்டை வைக்கப்போனார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். "கம்பளிண்ணே அது. கொதிக்கவுட்டா நாய்க்குட்டிக்குச் சட்டை தைக்கத்தான் ஆவும். பச்சத் தண்ணி வைங்க. மெதுவா சுத்தட்டும்."

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. முதலில் டீத்தண்ணி. அப்புறம் காபி. அப்புறம் மழைக்காலத்துச் சங்கராபரணி ஆறு. உள்ளே அந்த மிருகம் சோம்பேறித்தனமாக மேலே ஏறும், உச்சியில் ஒரு கணம் யோசிக்கும், தொப்பென்று விழும். மதாம் முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னால் சாய்ந்தார். பிறகு ஃபுட்பால் மேட்ச் கமென்ட்ரி ஆரம்பித்தார்.

"ஏறுது... ஏறுது... அட, உழுந்துடுச்சு! பாப்பா, பாத்தியா?"

நான் மலையிலிருந்து இறங்கிவந்து பக்கத்தில் நின்றேன். டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வடிந்து புதுத் தண்ணீர் ஏறியது. சேற்று நிறத்துக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நீலம் வந்தது. கடல் நீலம். மதாம் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று கத்தினார்: "ஏய், இதுல செவப்புக் கோடு இருக்குடி! ஓரத்துல செவப்புக் கோடு! நான் மறந்தே பூட்டேன்!"

கல்யாணமான புதிதில் அந்தக் கம்பளியை வாங்கியிருக்கிறார்கள். கப்பலேறி இங்கே வந்த பிறகு, நம் ஊர் வெயிலில் யார் கம்பளி போர்த்துவது? பெட்டிக்குள் போனது போனதுதான். சொந்தக் கம்பளியின் நிறத்தை ஒரு மனுஷி மறந்துபோயிருக்கிறார். அதை அவருக்கு எங்கள் மெஷின் திருப்பிக் காட்டியது. எனக்குப் புல்லரித்தது. அப்போது பதிமூன்று வயது, புல்லரிப்பதை வெளியே சொல்ல முடியாது. "ஓகே, நாட் பேட்," என்றேன்.

"மெர்சி," என்று அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார் மதாம். அப்புறம் தன் தெரு முழுக்கப் போய்ச் சொன்னார்.

அம்மா எதையும் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"நாலு பேருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது?"

"அந்த நாலு பேரும் வந்தா லோடு நெறையும்."

"வெளையாடாத. அண்ணன் காதுக்குப் போச்சுன்னா?"

"உங்க அண்ணன் மெஷினுக்கு வேலை குடுப்பாரா? குடுக்கச் சொல்லுங்க, நான் நிறுத்திடறேன்."

அப்பா தட்டிலேயே கையைக் கழுவினார். "மார்கழி முடியற வரைக்கும் இன்னாவோ பண்ணு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்," என்றார். வரவும் இல்லை.

அன்றைக்கு அவர்மேல் எனக்கு அவ்வளவு கடுப்பு. வெட்டி வீம்பு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது கோபமே இல்லை, பயம். அண்ணன் வீட்டுப் பந்தியில் தன் இலையை யாராவது கொஞ்சம் தள்ளிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். தொழில் படுத்ததைவிட அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

மார்கழியில் பொங்கலுக்காக வீட்டைச் சுத்தம் செய்வார்கள் இல்லையா? அதுவும் அந்த வருஷம் வீடு வீடாக நோயாளிகள் படுத்து எழுந்திருந்தார்கள். அந்தப் படுக்கை விரிப்பு, போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கத் துவைத்து வெளியே எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் வெறி. ஆனால் யாரிடம் கொடுப்பது? அடுத்தவன் துணியோடு சேர்த்துவிடுவானே? அங்கேதான் அம்மாவின் சட்டம் வேலை செய்தது: ஒரு லோடுக்கு ஒரு வீடு. வீட்டுக்காரரே எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். அரை மெஷினாவது நிறையும்படி கொண்டுவர வேண்டும்.

வீட்டையே கழற்றிக்கொண்டு வந்தார்கள். சைக்கிளில், ஸ்கூட்டரில், மீன்பாடி வண்டியில். நான் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு நாற்காலி வைத்தேன். நாற்காலி பத்தாமல் பக்கத்து யூனிட்டில் கடன் வாங்கினோம். முறுக்கும் ஃப்ளாஸ்க்கும் கொண்டுவந்து, ஒருத்தர் வீட்டுப் போர்வையை மற்றவர்கள் பார்த்து விமர்சனம் செய்தார்கள். கரண்ட் போனால் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். பார்க்கப் பார்க்க யாருக்கும் அலுக்கவில்லை. பெரியவர்கள் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் முதல் நாள் நின்ற அதே மாதிரி.

சொதப்பலும் நடந்தது. ஹோட்டல் ஷீட்டோடு மட்டுமே பழகிய கை இல்லையா? பஞ்சு அடைத்த ஒரு மெத்தையை அம்மா உள்ளே தள்ளிவிட்டாள். வெளியே வந்தது மெத்தை இல்லை, ஒரு சாக்கு கொழுக்கட்டை. மெத்தைக்காரம்மா போட்ட சத்தத்தில் பாய்லரே அடங்கிவிட்டது. அம்மா அதை எடுத்துக்கொண்டு டவுனில் மெத்தைக்கடை வைத்திருக்கும் பாயிடம் ஓடினாள். நானும் கூட. அவர் அமுக்கிப் பார்த்துவிட்டு அம்மாவையே உற்றுப் பார்த்தார்.

"இலவம் பஞ்சுக்கு நீச்சல் தெரியாதும்மா. இதப் போயி ஆழத்துல தள்ளிட்டியே."

"செஞ்சுட்டேன் பாய். இப்ப இன்னா பண்றது?"

"பிரிச்சு, காயவெச்சு, அடிச்சுத் தரேன். இனிமே பஞ்சு வந்தா இங்க அனுப்பு. உறை மட்டும் நீ தொவை. எங்கிட்ட வர்ற உறையெல்லாம் நான் உனக்கு அனுப்பறேன்."

அப்படி ஒரு சொதப்பல் செய்து ஒரு பார்ட்னரைப் பிடித்த ஆளை நான் பி.காம் சிலபஸில் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொரு பிரச்சினை வந்தது பாருங்கள், அது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டுமே வரக்கூடியது. ஒரு நாள் லோடு சுற்றுகிறது, தண்ணீர் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. அடுத்த லோடும் அப்படியே. ஆபரேட்டர் அண்ணன் குழாயைச் சோதித்தார். அம்மா சோப்பைச் சோதித்தாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது: எல்லோர் எதிரிலும் தண்ணீர் கறுப்பாக வந்தால் மானம் போய்விடும் என்று வீட்டிலேயே முதுகு ஒடியத் துவைத்துக் காயப்போட்டுப் பிறகு இங்கே கொண்டுவருகிறார்களாம்!

"அப்ப எங்கிட்ட எதுக்கும்மா கொண்டாறீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"நீங்க தொவைக்கத்தான்," என்றாள் ஒரு அக்கா, சீரியஸாக. "போன வாரம் எதிர்வூட்டுக்காரி தண்ணி கறுப்பா வந்துச்சுன்னு தெருவே பேசுது. எங்க மாமியா அதுக்குத்தான் என்னையப் புடிச்சுத் தொவைக்கவெச்சாங்க."

அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு கயிறு கட்டி, தன் பழைய வாயில் புடவையைத் திரையாகப் போட்டாள். யார் லோடோ அவர்கள் மட்டும் திரைக்கு உள்ளே. மற்ற எல்லோரும் வெளியே. அவரவர் அழுக்கை அவரவர் மட்டும் பார்க்கலாம். அன்றிலிருந்து தண்ணீர் மறுபடியும் நிஜமான நிறத்தில் வந்தது. எங்கள் அம்மா எட்டாவது ஃபெயில். எம்.பி.ஏ. படிக்கப்போகிறேன் என்று திரிகிற நண்பர்களே, கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்.

போகிக்கு முந்தின நாள் ஈரோட்டுக்காரர் வந்தார். அப்பாதான் வேனில் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மாதம் முழுக்க எட்டிப் பார்க்காத மனுஷர் வாசலில் இறங்கி, அப்படியே நின்றுவிட்டார். ஷெட் நிறைய ஆட்கள். மூட்டை மூட்டையாகத் துணி. டீக்காரர் உள்ளேயே சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

"என்னங்க, கண்ணாலமுங்களா?" என்றார் ஈரோட்டுக்காரர்.

அப்பா வழியில் கிடந்த மூட்டைகளைத் தாண்டி உள்ளே வந்தார்.

"செரி, மிசின ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. சும்மா, காலியாவே ஓட்டுனாப் போதும்."

"காலியாவா?" என்று ஒரு அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். "காலைல இருந்து நாங்க இன்னா பூப்பறிக்கவா உக்காந்திருக்கோம்? லைன்ல வாங்க சார்."

"நான் துணி போட வரலீங்க. மிசின வாங்க வந்தனுங்க."

அத்தனை தலையும் அம்மா பக்கம் திரும்பியது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஒருத்தர், மாஸ்க், மாஸ்குக்கு மேல் துண்டால் முக்காடு, மடியில் ஒரு யூரியா மூட்டை. உரக்கடைக்குப் போகிற வழியில் சும்மா உட்கார்ந்தவர் மாதிரி ஒரு போஸ். முகம் தெரியவில்லை. ஆனால் கால்? வயல் சேறு காய்ந்து வெடித்த அந்தப் பாதத்தை, பொங்கலுக்குப் பொங்கல் தொட்டுக் கும்பிட்ட எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியாதா?

"அண்ணே?"

முக்காடு இன்னும் கீழே இறங்கியது.

"அண்ணே, நீயா?"

"உங்க அண்ணிதான் அனுப்புனா," என்றார் பெரியப்பா, முக்காட்டுக்குள்ளிருந்து. "நான் வேணான்னுதான் சொன்னேன். அவதான்... ஜுரத்துல படுத்த போர்வைய வூட்டுல வெச்சுக்கிட்டுப் பொங்க வெக்கமாட்டேன்னுட்டா."

அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. காதுகுத்துப் பந்திக்குக் கணக்குத் தீர்ந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்து, சத்தியமாக, மனசுக்குள் விசில் வைத்துக் காத்திருந்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "அடுத்தது உங்க லோடுதான் மாமா. வாங்க."

லைனில் நிற்கிற அம்மாகூட ஆட்சேபிக்கவில்லை. ஆபரேட்டர் அண்ணன் மூட்டையை வாங்கக் கை நீட்டினார். அப்பா அவரைத் தள்ளிவிட்டுத் தானே வாங்கினார். சட்டைக் கையை மடித்தார். யூரியா சாக்கைப் பிரித்து, ஒவ்வொரு போர்வையாக உதறி, தலையணை உறையைத் திருப்பி, தன் கையாலேயே உள்ளே போட்டார். கதவைச் சாத்தினார். ஸ்டீமைத் திறந்தார். அவர் மெஷினை ஓட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. விரல் ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

தண்ணீர் ஏறியது. வயல் மொத்தமும் இறங்கியது. நாற்காலிகளில் இருந்து ஒரு "யப்பா" எழுந்தது.

"டேய் தம்பி," என்றார் பெரியப்பா, தாழ்ந்த குரலில். "அந்தப் பொடவைய இழுத்து வுடு."

அப்பா திரையை இழுத்துவிட்டார். அவரும் உள்ளேயே நின்றுகொண்டார்.

வெளியே நாங்கள் எல்லோரும் புடவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒன்று செருப்பு போட்டது, ஒன்று போடாதது. அப்புறம் குரல்.

"சூடு எங்கருந்துடா வருது?"

"பின்னாடி பாய்லர்ண்ணே. அங்கருந்து பைப்பு. தண்ணி கொதிக்கறது வெளிய தெரியாது."

"ஜுரக் கிருமி செத்துருமா?"

"எல்லாம் செத்துரும்ண்ணே."

"பாரேன்... இந்தப் போர்வை வெள்ளையாடா? நான் சாம்பல்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அந்தக் குரல் பெரியப்பாவுடையது என்று என்னால் நம்பவே முடியவில்லை. சின்னப் பையன் மாதிரி இருந்தது.

ஈரோட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரையின் அருகே போனார். "ஏனுங்க, மிசின குடுக்கறீங்களா இல்லீங்களா? ஒண்ணு சொல்லீருங்க."

உள்ளேயிருந்து அப்பா பதில் சொல்வதற்குள் பெரியப்பா சொன்னார்: "யாருய்யா அது? உள்ள துணி ஓடுது, தெரியல?"

ஈரோட்டுக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு காலி வட்டத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்தார். "ஓடற மிசினை நானா இருந்தாலும் குடுக்க மாட்டேனுங்க," என்றார். போகும்போது புடவைத் திரையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

தை பிறந்தது. கல்யாண சீசன் வந்தது, மண்டபத்து ஜமுக்காளம் வந்தது. முதல் மண்டபத்தைப் பேசிவிட்டவர் பெரியப்பா; அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. ஹோட்டல்காரர்கள் திரும்பி வந்தபோது அம்மா அவர்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் நேரம் கொடுத்தாள். காலை வீடுகளுக்கு. இப்போது ஷெட்டில் அதே மாதிரி இன்னொரு மெஷின் நிற்கிறது. மதாம் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். நீலக் கம்பளியை அவர் மகள் பிரான்சுக்கு எடுத்துப்போய்விட்டாள். அங்கேயாவது அதை யாராவது போர்த்திக்கொள்வார்கள்.

அப்பா இன்றைக்குக் காலையிலேயே வேனை எடுத்துக்கொண்டு கனகசெட்டிக்குளம் போனவர், மீனவர் குடியிருப்பில் வாசல் வாசலாக நின்று துவைக்கப் போர்வை வாங்கிக்கொண்டிருக்கிறார். மணி மூன்று ஆகப்போகிறது, இன்னும் சாப்பிட வரவில்லை.